காசிமேட்டுக் கணக்கு நோட்டில் தொடங்கும் மென்பொருள் வேலை

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஐந்தாறு பேர் மடிக்கணினியோடு வந்து உட்காருவார்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காலடிப்பேட்டை என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள். பி.சி.ஏ. படித்தவர்கள், பி.எஸ்சி. படித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள், சிலர் பொறியியல். முதல் நாளில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: “அக்கா, போகிற இடமெல்லாம் அனுபவம் கேட்கிறார்கள். வேலையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்?”

நியாயமான கேள்வி. பதினோரு ஆண்டுகளாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். கடந்த சில ஆண்டுகளாகப் புதியவர்களைத் தேர்வு செய்யும் நேர்காணல்களிலும் உட்காருகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது நாங்கள் தேடுவதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளை இன்னொருவருக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறதா, அது பழுதானபோது உட்கார்ந்து சரிசெய்திருக்கிறதா? இதற்கு ஆமாம் என்று பதில் இருந்தால், புதியவர் என்பது பெரிய குறையாகத் தெரிவதில்லை. அப்படிச் செய்து கொடுக்க வேண்டிய வேலைகள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு கிடக்கின்றன. அவற்றை எடுத்துச் செய்து, அதைக் காட்டி வேலை வாங்கும் வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: கணினியும் உட்கார ஓர் இடமும்

புதிய மடிக்கணினிக்குக் கடன் வாங்காதீர்கள். பள்ளியில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதுவே தொடங்கப் போதும். மெதுவாக இருந்தால், ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போய் நினைவகத்தைக் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போட்டு, எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவும்போதே பாதிப் பாடம் படித்துவிடுவீர்கள்.

ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடுகளில் படிப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் படித்தேன். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கவும் வேலை செய்யவும் தனித்தனி இடம் இருக்கிறது; குறைந்த கட்டணம்தான். எழும்பூர் கன்னிமாரா நூலகமும் எட்டிவிடும் தூரம். வாரத்தில் மூன்று நாளாவது வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரு மொழி, ஒரு தரவுத்தளம்

பைத்தானா, ஜாவாவா, ஜாவாஸ்கிரிப்டா என்று மாதக்கணக்கில் காணொளி பார்ப்பவர்களைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூன்றில் எதை எடுத்தாலும் வேலை இருக்கிறது. எடுத்ததை விடாதீர்கள். என்னைக் கேட்டால், கணினி அறிவியல் படிக்காதவர்கள் பைத்தானில் தொடங்கலாம். பெரிய சேவை நிறுவனங்களைக் குறிவைப்பவர்கள் ஜாவா படிக்கலாம். எந்த மொழியானாலும் அதோடு, தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு வாங்கும் எஸ்.க்யூ.எல். கட்டாயம். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது அதில்தான். இரண்டு அட்டவணைகளை இணைக்க, அதாவது ஜாயின் செய்யத் தெரியாமல் நேர்காணலில் திணறிய முதல் வகுப்புப் பட்டதாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாடங்களுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டெல். வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழுக்காகத் தேர்வு எழுதினால் மட்டும்தான் கட்டணம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 வகுப்பும் ஃப்ரீ கோட் கேம்ப்பும் இலவசம். தமிழில் படித்தால்தான் பிடிபடும் என்பவர்களுக்குக் கணியம் தளத்தில் லினக்ஸ், பைத்தான், மைஎஸ்க்யூஎல் பற்றிய நூல்களும் கட்டுரைகளும் இருக்கின்றன. கல்லூரியில் இன்னும் படித்துக்கொண்டிருந்தால், 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகளை வருகைப்பதிவுக்காக மட்டும் போய் உட்கார்ந்து வீணாக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலை எழுதித் தருகின்றன. பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால், அது எழுதியதில் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியும்வரை அதை உங்கள் வேலை என்று சொல்லாதீர்கள். நேர்காணலில் மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: தெருவில் ஒரு கணக்கு நோட்டைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான்.

பயிற்சி வகுப்புகளில் எல்லாரும் ஒரே மாதிரி நூலக மேலாண்மை, மாணவர் வருகைப்பதிவு என்று செய்கிறார்கள். நூறு விண்ணப்பங்களில் எண்பதில் அதுவே இருக்கும். உங்களைச் சுற்றிப் பாருங்கள். எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் தையலுக்குக் கொடுத்த துணியைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார். தண்ணீர் கேன் போடுபவர் எந்த வீட்டில் எத்தனை காலிக் கேன் நிற்கிறது என்பதை மனதில் வைத்திருக்கிறார். சீட்டுப் பிடிக்கும் அத்தை, டியூஷன் எடுக்கும் அக்கா, லாரி செட் வைத்திருக்கும் மாமா என்று ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. அந்த நோட்டுதான் உங்கள் முதல் திட்டப்பணி.

எனக்கு அது காசிமேட்டில் கிடைத்தது. அம்மாவின் தூரத்து உறவில் ஒரு சித்தப்பா விசைப்படகு வைத்திருந்தார். கடலிலிருந்து திரும்பி மீன் ஏலம் போனதும், டீசல், ஐஸ், மளிகைச் செலவைக் கழித்து, மீதியைப் படகு உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். விகிதம் படகுக்குப் படகு மாறும். சித்தப்பா படகில் உரிமையாளருக்கு நூற்றுக்கு அறுபது, ஆட்களுக்கு நாற்பது. ஏழு பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, படகு ஓட்டுபவருக்கு மட்டும் இரண்டு. மொத்தம் 9 பங்கு.

எளிய கணக்கு என்று நினைத்து ஒரே இரவில் எழுதிவிட்டேன். முதல் சோதனைக்குச் சித்தப்பாவின் பழைய நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்தேன். ஏலத்தில் வந்தது 1,84,500 ரூபாய். டீசல் 92,000, ஐஸ் 14,000, மளிகை 11,250. மீதி 67,250. ஆட்களின் பங்கு 26,900. அதை 9 பங்காக்கினால் 2,988 ரூபாய் 88 பைசா சொச்சம். என் நிரல் அதை அருகில் உள்ள முழு ரூபாய்க்குத் திருத்தி, பங்குக்கு 2,989 என்று காட்டியது. சித்தப்பா கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார்: ஒன்பது 2,989 சேர்ந்தால் 26,901. “அந்த ஒரு ரூபாயை யார் கொடுப்பது?” என்று கேட்டார்.

நோட்டில் அவர் எழுதியிருந்தது பங்குக்கு 2,988. மிஞ்சிய எட்டு ரூபாய்க்கு எதிரே ‘டீ’ என்று இருந்தது. மிச்சம் எப்போதும் டீக்கு. தலைமுறையாக அதுதான் விதி. எந்தப் பாடத்திலும் இது இல்லை. பயனரின் தேவையைக் கேட்டறிவது என்று தடித்த புத்தகங்கள் சொல்வதை நான் அந்த ‘டீ’ என்ற ஒற்றைச் சொல்லில் கற்றேன். அன்றே இன்னொன்றும் புரிந்தது: பணத்தைத் தசம எண்ணாக வைக்கக் கூடாது. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணினி தசமப் பின்னங்களை 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்களாக வைத்துக்கொள்வதால் வரும் பிசகு அது. அதனால் தொகையைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்ற வேண்டும்.

அடுத்து மீன் பெயர்கள். ரசீதில் பெயருக்கு ஆறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருந்தேன். வஞ்சிரம் ஐந்தெழுத்துதானே? நிரல் அதை வெட்டிவிட்டது. கணினிக்கு அது எட்டு: எழுத்துகளைக் கணினியில் பதியும் யூனிகோடு முறையில் புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். தமிழில் மென்பொருள் செய்பவர் எவருக்கும் ஒருநாள் இது வந்தே தீரும். உங்களுக்கு முன்கூட்டியே வரட்டும்.

இந்த மாதிரி ஒன்றை எடுக்கும்போது சில விஷயங்களைப் பாருங்கள். அந்த நபரை வாரம் ஒருமுறையாவது நேரில் பார்க்க முடிய வேண்டும். அவருக்கு நேரம் இருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் (இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்) என்பதால் சித்தப்பா எனக்காக உட்கார்ந்தார். துணிக்கடைக்காரரிடம் தீபாவளிக்கு முந்தைய மாதம் போய் நிற்காதீர்கள். பழைய நோட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு மாதம் நோட்டும் நிரலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரண்டும் ஒத்துப்போகாத ஒவ்வொரு முறையும் தேதி போட்டு, என்ன தவறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எப்படித் திருத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள். நேர்காணலுக்கு அந்தக் குறிப்பேடுதான் உங்கள் சொத்து.

காசு வாங்கலாமா என்று கேட்பார்கள். முதல் வேலைக்கு வாங்காவிட்டாலும் பரவாயில்லை. ஆனால், இரண்டாவது ஆளிடம் தயங்காமல் ஒரு தொகை சொல்லுங்கள். காசு கொடுத்தவர் குறை சொல்லத் தயங்க மாட்டார். உங்களுக்கு வேண்டியதும் அந்தக் குறைகள்தான்.

நான்காம் படி: செய்ததைப் பிறர் பார்க்கும்படி வையுங்கள்

கிட் என்ற கருவியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். நிரலில் எந்த மாற்றத்தை எப்போது, எதற்காகச் செய்தீர்கள் என்ற வரலாறு அதில் பதிவாகும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. இன்று மென்பொருள் நிறுவனங்களில் அது இல்லாமல் வேலை நடப்பது அரிது. நிரல்களைப் பிறர் பார்க்கும்படி வைக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் தொடங்கி உங்கள் நிரலை ஏற்றுங்கள். ‘மாற்றம்’, ‘கடைசி’, ‘கடைசியோ கடைசி’ என்றெல்லாம் குறிப்பு எழுதாமல், ‘மீதத் தொகையை டீக் கணக்கில் சேர்த்தது’ என்பது போல என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

முகப்பில் ஒரு பக்க விளக்கம் இருக்க வேண்டும்: யாருக்காகச் செய்தது, எப்படி ஓட்டுவது, எது இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. கடைசியில் சொன்னதைப் பலர் மறைக்கிறார்கள். நான் அதைத்தான் முதலில் படிக்கிறேன், ஏனென்றால் தன் நிரலின் குறையைத் தெரிந்து வைத்திருப்பவரை நம்பி வேலை கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. சித்தப்பாவின் வருமானமும் ஆட்களின் பெயரும் அவர்களுடையவை. உண்மைத் தரவை ஒருபோதும் பொதுவில் ஏற்றாதீர்கள். கற்பனைப் பெயர்களும் எண்களும் கொண்ட மாதிரித் தரவை வையுங்கள். கடவுச்சொற்களும் அப்படியே. ஒருமுறை ஏற்றிவிட்டு அழித்தாலும் வரலாற்றில் அது இருக்கும்.

ஐந்தாம் படி: ஆட்களோடு பழகுங்கள்

வேலைகள் பற்றிய தகவல் ஆட்கள் வழியாகத்தான் முதலில் வருகிறது. தென்சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு மேல் வீட்டு அங்கிள் ஏதோ ஒரு நிறுவனத்தில் மேலாளராக இருப்பார். நமக்கு அது கிடையாது. நாமே போய்த் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்னை பைத்தான் குழுவினர் மாதந்தோறும் நான்காவது சனிக்கிழமை கூடுகிறார்கள், அனுமதி இலவசம். தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, லினக்ஸ் பயனர் குழு, கணியம் குழு ஆகியவையும் புதியவர்களை ஒதுக்குவதில்லை. முதல் இரண்டு கூட்டங்களில் பின் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். மூன்றாவது கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, உங்கள் கணக்கு நோட்டுக் கதையைச் சொல்லுங்கள். வஞ்சிரம் எட்டெழுத்தான கதையை நான் அப்படித்தான் சொன்னேன். தேநீர் இடைவேளையில் ஒருவர் வந்து பேசினார். என் முதல் நேர்காணல் அவர் வழியாக வந்தது.

கட்டற்ற மென்பொருள் திட்டங்களிலும் கை வையுங்கள். தமிழுக்கான ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகம் இருக்கிறது. அதை நிறுவி, ஓட்டி, புரியாத இடத்தில் விளக்கத்தைத் திருத்தி அனுப்பினாலே அது ஒரு பங்களிப்பு. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் நிரலைப் படித்துத் திருத்தச் சொல்வது முதல்முறை வலிக்கும். அலுவலகத்தில் தினமும் நடப்பது அதுதான்.

ஆறாம் படி: விண்ணப்பம்

ஒரே பக்கம். அப்பா பெயர், மதம், திருமண நிலை, புகைப்படம் எதுவும் வேண்டாம். மேலே பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், கிட்ஹப் முகவரி. அடுத்து நீங்கள் செய்து கொடுத்தவை. ‘படகுக் கணக்கு மென்பொருள்: ஒரு விசைப்படகின் பங்குக் கணக்குக்கு இரண்டு மாதம் பயன்பட்டது, கணக்கு ஒத்துப்போகாத 14 பிழைகளைக் கண்டறிந்து திருத்தினேன்’ என்று எழுதினால் படிப்பவர் நிற்பார். மதிப்பெண்ணும் சான்றிதழும் அதற்குக் கீழே. தெரியாத மொழியின் பெயரை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

எங்கே அனுப்புவது? பெரிய நிறுவனங்களின் பொதுத் தேர்வுகளுக்கு எழுதுங்கள், ஆனால் அவற்றையே நம்பி உட்காராதீர்கள். இருபது, முப்பது பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனங்களில் உங்கள் விண்ணப்பத்தை ஒரு மனிதர் படிக்கிறார். பட்டமும் டிப்ளமோவும் முடித்தவர்கள் மத்திய அரசின் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டமான நாட்ஸ் இணையதளத்தில் பதிந்துகொள்ளுங்கள்; உதவித்தொகையோடு நிறுவனத்துக்குள் பழகலாம், அதற்கான தென் மண்டல வாரியம் தரமணியில் இருக்கிறது. கல்லூரிக்குப் போக முடியாதவர்கள் ஜோஹோ நடத்தும் பள்ளியைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள்.

மென்பொருள் சோதனை, வாடிக்கையாளர் உதவி போன்ற வேலைகள் வந்தால் ஏற்கலாமா? ஒரு வருடத்துக்குள் நிரலில் கைவைக்க விடுவார்களா என்று நேராகக் கேளுங்கள். வீட்டுச் சூழ்நிலைக்கு உடனே சம்பளம் வேண்டுமென்றால் யோசிக்காமல் சேருங்கள். மாலையில் சொந்த நிரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் படி: நேர்காணல்

பட்டியல், எழுத்துச்சரம், அகராதி அமைப்பு, வரிசைப்படுத்தல், எஸ்.க்யூ.எல். ஆகியவற்றில் தினம் இரண்டு கணக்கு என்று மூன்று மாதம் போட்டால் முதல் சுற்றைத் தாண்டிவிடலாம். தாளில் எழுதிப் பழகுங்கள். விடை தெரியாவிட்டாலும் வாய்விட்டு யோசியுங்கள். எந்த வழியில் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் எங்களால் உதவ முடியும்.

ஆங்கிலம் பலரை முடக்கிவிடுகிறது. ஒரு வழி சொல்கிறேன். உங்கள் திட்டப்பணியை இரண்டு நிமிட ஆங்கிலத்தில் விளக்கி, கைப்பேசியில் பதிவு செய்து, கேட்டுப் பாருங்கள். முப்பது நாள், நாளுக்கு ஒரு பதிவு. இலக்கணப் பிழை இருக்கட்டும். ‘என் நிரல் கையில் இல்லாத ஒரு ரூபாயை உருவாக்கியது’ என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

திருவொற்றியூர் என்று முகவரியைப் பார்த்ததும் “தினமும் எப்படி வருவீர்கள்?” என்பார்கள். தயங்காமல் பதில் சொல்லுங்கள். 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகரிலிருந்து கிண்டி வழியாக விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ. டைடல் பூங்கா என்றால் சென்ட்ரலில் இறங்கி, பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூர். அம்பத்தூர் என்றால் பெரம்பூரிலிருந்து புறநகர் ரயில். முந்தைய நாளே ஒருமுறை போய்ப் பார்த்து வந்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் வீட்டில் யாரையாவது கூட அழைத்துப் போய் வழியைக் காட்டினால், தூரத்தைச் சொல்லி வேண்டாம் என்பவர்களின் பயம் பாதி குறையும். என் அப்பாவுக்கு அப்படித்தான் குறைந்தது.

பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள்

எங்கள் தெருவில் ஒரு தம்பி. ஓராண்டு வேலை கிடைக்கவில்லை. மூன்று ஆண்டு அனுபவம் இருப்பதாகச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் தயாரித்துத் தருவதாக ஓர் ஆலோசனை நிறுவனம் சொன்னது. அம்மாவின் வளையல்களை அடகு வைத்துப் பணம் கட்டினான். வேலையும் கிடைத்தது. ஐந்தாவது மாதம் பின்புலச் சரிபார்ப்பில், அந்த மூன்று ஆண்டுகளுக்கு வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஒரு ரூபாய்கூட இல்லை என்பது தெரிந்து, அன்று மாலையே வெளியே அனுப்பிவிட்டார்கள். வளையல்கள் ஏலத்துக்குப் போய்விட்டன. அவன் கெட்டிக்காரன். இந்தக் குறுக்கு வழி இல்லாமலே வேலை வாங்கியிருப்பான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

வைப்பு நிதிக் கணக்கின் யு.ஏ.என். எண்ணில் எந்த நிறுவனம் எந்த மாதம் பணம் கட்டியது என்பது வரிசையாக இருக்கும். போலி அனுபவம் அங்கேதான் உடைகிறது. வேலைக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம், பின்வாசல் நியமனம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும்.

கடைசிப் படி: பணி ஆணை வந்த பிறகு

ஆணையில் பெரிதாகப் போட்டிருக்கும் ஆண்டுத் தொகை கைக்கு வருவது அல்ல. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வைப்பு நிதியும் அதற்குள் இருக்கும். மாதம் கையில் எவ்வளவு வரும் என்று கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தக் காலம் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புரியாவிட்டால் ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஒருவரிடம் காட்டுங்கள்.

சேரும் நாளுக்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. நீங்கள் செய்து கொடுத்த மென்பொருளை நம்பி ஒருவர் நோட்டை மூடி வைத்திருப்பார். அவரிடம் போய், தினமும் காப்புப் பிரதி எடுப்பது எப்படி, கணினி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். நான் எழுதியதைச் சித்தப்பாவின் மகளிடம் கொடுத்து, அவளையே முழுக் கணக்கையும் ஒருமுறை போடச் சொன்னேன். அப்போது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பங்கு பிரித்து முடித்ததும் மிச்சம் ஆறு ரூபாய் வந்தது. ‘டீ’ என்ற இடத்தைத் தானே கண்டுபிடித்து அதில் போட்டாள்.